மொத்தத் தொகையா, மாதத் தொகையா, வீடா: ஜீவனாம்சத்தை எந்த வடிவில் கேட்பது?

விவாகரத்து வழக்கை எதிர்கொள்பவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு கிடைக்கும்?" என்பதைத்தான். சமரசப் பேச்சு தொடங்கி, இரு தரப்பிலும் ஒரு தொகை உச்சரிக்கப்பட்ட பிறகு, அதைவிடக் கடினமான இன்னொரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. கணவர் தரப்பு நாற்பது லட்சம் ரூபாயை ஒரே முறையில் தந்துவிடுவதாகச் சொல்கிறது. வழக்கை நடத்தினால் மாதம் முப்பதாயிரம் ரூபாய்க்கு உத்தரவு கிடைக்கக்கூடும் என்று வழக்கறிஞர் சொல்கிறார். பணத்துக்குப் பதிலாகக் குடியிருக்கும் வீட்டையே எழுதித் தரலாம் என்ற மூன்றாவது யோசனையும் இடையில் வருகிறது. இம்மூன்றில் எதற்குச் சம்மதிப்பது என்று தெரியாமல் தவிக்கும் பெண்களுக்காகவும், கொடுக்க வேண்டிய இடத்தில் நிற்கும் ஆண்களுக்காகவும் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

தொகையின் அளவை நிர்ணயிப்பதில் நீதிமன்றத்தின் கை ஓங்கியிருக்கிறது. அது எந்த வடிவில் வந்து சேர வேண்டும் என்பதிலோ கேட்பவரின் குரலுக்குக் கணிசமான இடம் உண்டு. அந்த இடத்தைப் பலர் பயன்படுத்திக்கொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

## நீதிமன்றம் எதை எடைபோடுகிறது?

இந்து திருமணச் சட்டம் 1955-இன் பிரிவு 24 வழக்கு நடக்கும் காலத்துக்கான இடைக்கால ஜீவனாம்சத்தையும் வழக்குச் செலவையும் பற்றியது. பிரிவு 25 தீர்ப்பின்போதோ அதற்குப் பிறகோ வழங்கப்படும் நிரந்தர ஜீவனாம்சத்தைப் பற்றியது. இவ்விரு பிரிவுகளின் கீழும் மனைவி மட்டுமல்லாமல் கணவனும் கேட்கலாம், நடைமுறையில் அப்படிக் கேட்பவர்கள் குறைவு என்றாலும். பிரிவு 25-இன்படி நீதிமன்றம் பார்க்க வேண்டியவை: கொடுக்க வேண்டியவரின் வருமானமும் சொத்தும், கேட்பவரின் வருமானமும் சொத்தும், இரு தரப்பினரின் நடத்தை, வழக்கின் பிற சூழ்நிலைகள். தொகையை மொத்தமாகவோ, மாதந்தோறுமோ, குறிப்பிட்ட கால இடைவெளியிலோ வழங்க உத்தரவிடலாம் என்றும், தேவைப்பட்டால் கொடுப்பவரின் அசையாச் சொத்தின் மீது அதற்கான பொறுப்பை (பணம் தராவிட்டால் அந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கும் பிணையை) ஏற்றலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்தக் கடைசி வாசகம் மிக முக்கியமானது. பின்னால் அதற்கு வருகிறேன்.

இதற்குக் கணக்குச் சூத்திரம் எதுவும் இல்லை. 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமானது என்று குறிப்பிட்டது. அன்றிலிருந்து "நான்கில் ஒரு பங்கு கட்டாயம் கிடைக்கும்" என்ற நம்பிக்கை பரவிவிட்டது. அது ஓர் அளவுகோல், சட்டமன்று. அதே தீர்ப்பிலேயே, கணவர் மறுமணம் செய்து புதிய குடும்பப் பொறுப்பை ஏற்றிருந்ததைக் கருத்தில் கொண்டு மாதம் 23,000 ரூபாய் என்றிருந்ததை 20,000 ஆக நீதிமன்றம் குறைத்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதல்கள்தான் இன்று எல்லாக் குடும்ப நீதிமன்றங்களும் பின்பற்ற வேண்டியவை. இரு தரப்பினரும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனு தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். வெவ்வேறு சட்டங்களின் கீழ் தொகை கேட்டிருந்தால் ஒன்றில் கிடைத்ததை மற்றொன்றில் சரிக்கட்ட வேண்டும். திருமண வாழ்வின் காலம், இருவரின் வயது, வேலைவாய்ப்பு, அதுவரை வாழ்ந்த வாழ்க்கைத் தரம், குழந்தைகளை வளர்ப்பதற்காக மனைவி விட்டுக்கொடுத்த வேலை ஆகிய அனைத்தும் கணக்கில் வரும். 2024 டிசம்பரில் வந்த இரு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இவற்றை மேலும் தெளிவாக்கின: ஒன்று இந்தக் காரணிகளை வரிசையாக எடுத்துரைத்து, ஒரு வசதியான குடும்பத்தின் வழக்கில் மனைவிக்கு 5 கோடி ரூபாயும் மகனுக்கு 1 கோடி ரூபாயும் ஒரே தொகையாக வழங்கியது, மற்றொன்று, முன்னாள் கணவரின் செல்வ நிலைக்குத் தன்னைச் சமமாக்கித் தரும்படி மனைவி கேட்க முடியாது என்றது.

மனைவி படித்தவர் என்பதாலேயே அவருக்கு ஒன்றும் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. சம்பாதிக்கும் தகுதி வேறு, உண்மையில் சம்பாதிப்பது வேறு என்று நீதிமன்றங்கள் பிரித்துப் பார்க்கின்றன. அவளுடைய பெற்றோரின் வசதியும் பொருட்டல்ல. கணவரின் வருமானத்தில் வருமான வரி போன்ற கட்டாயப் பிடித்தங்கள் கழிக்கப்படும். அவராக எடுத்துக்கொண்ட கடன்களின் தவணைகளையும் சேமிப்புகளையும் காட்டி "கையில் ஒன்றும் மிஞ்சவில்லை" என்று வாதிடுவது பொதுவாக எடுபடுவதில்லை.

## எந்த அளவுகோல்களால் ஒப்பிடுவது?

நான் ஐந்து கேள்விகளை முன்வைக்கிறேன். பணம் உண்மையில் கைக்கு வந்துசேரும் உறுதி எவ்வளவு? விலைவாசி ஏறும்போது அதன் மதிப்பு என்னவாகும்? பின்னாளில் அது கூடவோ குறையவோ நிற்கவோ வாய்ப்பு உண்டா? வரியும் பத்திரச் செலவும் எவ்வளவு? முன்னாள் துணையோடு எவ்வளவு காலம் தொடர்பில் இருக்க வேண்டியிருக்கும்? இவற்றில் முதல் கேள்விக்கே மிகுந்த எடை தர வேண்டும் என்பது என் கருத்து. எவ்வளவு நியாயமான தொகையாக இருந்தாலும், வசூலாகாத உத்தரவு பீரோவில் கிடக்கும் காகிதம்தான்.

## மாதத் தொகை

மாதத் தொகையின் வலிமை அதன் நெகிழ்வில் இருக்கிறது. சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்டு மனு போடப் பிரிவு 25(2) இடமளிக்கிறது. கணவரின் சம்பளம் உயர்ந்தாலும், பெறுபவருக்கு நோய் வந்து செலவு கூடினாலும் மீண்டும் நீதிமன்றத்தை அணுகலாம். கையில் பெருந்தொகை வந்தால் உறவினரின் கடனுக்கும் தம்பியின் தொழிலுக்கும் அது கரைந்துபோகும் குடும்பச் சூழலில் இருப்பவருக்கு, மாதந்தோறும் வரும் தொகை ஒரு பாதுகாப்பும்கூட.

வசூலிக்கும் வழிகளும் இதற்கு உண்டு. சம்பளம் வாங்குபவராக இருந்தால், நிறைவேற்று மனு (உத்தரவைச் செயல்படுத்தக் கேட்கும் மனு) மூலம் அவருடைய சம்பளத்தை ஜப்தி செய்யலாம். சாதாரணக் கடன் தீர்ப்புகளைவிட ஜீவனாம்சத் தீர்ப்புக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் அதிக இடம் தருகிறது, மூன்றில் ஒரு பங்குச் சம்பளம் மட்டுமே அங்கே பாதுகாக்கப்படுகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய பிரிவு 125-இன் கீழ் (2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144) பெற்ற உத்தரவாக இருந்தால், ஒவ்வொரு மாதத் தவறுக்கும் ஒரு மாதம் வரை சிறையில் அடைக்கவும் முடியும். சிறை சென்றதால் நிலுவை தீர்ந்துவிடுவதும் இல்லை.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்ல வேண்டும். அந்தக் குற்றவியல் வழியில் நிலுவையை வசூலிக்க, தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். "தந்துவிடுவார், பார்ப்போம்" என்று பொறுத்துப் பொறுத்துப் போனவர்கள் இந்தக் கெடுவைத் தவறவிட்டு அந்த வழியையே இழந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு நிறைவேற்று மனுவுக்கும் வழக்கறிஞர் கட்டணம், விடுப்பு, பயணம், மனஉளைச்சல் என்று விலை உண்டு. பெறுபவர் மறுமணம் செய்துகொண்டால் கொடுப்பவர் உத்தரவை ரத்து செய்யக் கேட்கலாம். அவருடைய ஒழுக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியும் மனு போடப் பிரிவு 25(3) வழிவிடுகிறது. அதாவது, முறிந்துபோன உறவின் மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் வாழ்க்கையை எட்டிப்பார்க்கும் ஒரு காரணம் தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கும். இதை நான் மிகப் பெரிய செலவாகவே கருதுகிறேன்.

விலைவாசி இன்னொரு பொறி. ஆண்டுக்கு 6 விழுக்காடு விலையேற்றம் என்று வைத்துக்கொண்டால், இன்று முப்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கக்கூடியதில் பாதியைத்தான் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே முப்பதாயிரத்தில் வாங்க முடியும். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மாதத் தொகையை 20,000 ரூபாயிலிருந்து 50,000 ஆக உயர்த்தியதோடு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை 5 விழுக்காடு கூட்டித் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தானாக உயரும் வகையில் தொகை கேட்பவர்களுக்கு இது நல்ல முன்னுதாரணம். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வேகத்தில் 50,000 ரூபாய் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 81,000 ஆகும், விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால் அன்றைக்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 1,33,000. ஆகவே உயர்வு விகிதத்தைக் கேட்கும்போது "இரண்டு ஆண்டுக்கு 5" என்பதை உச்சவரம்பாகக் கொள்ளாமல் தொடக்கப் புள்ளியாகக் கொள்வது நல்லது.

வரி விஷயத்தில், மாதந்தோறும் வரும் ஜீவனாம்சம் வருமானமாகவே கருதப்படும் என்றும், ஒரே தொகையாக வருவது வரிக்கு உட்படாத மூலதன வரவு என்றும் பம்பாய் உயர் நீதிமன்றம் 1983-இல் வகுத்த பிரிவினையே இன்றும் வழிகாட்டி. வேறு வருமானம் இல்லாத பெண்ணுக்கு மாதம் முப்பதாயிரம் என்பது வரி வரம்புக்குள் வராது. வேலை பார்த்துக்கொண்டே ஜீவனாம்சமும் பெறுபவர்தான் இதைக் கவனிக்க வேண்டும். கொடுப்பவருக்கு எந்த வடிவத்திலும் வரிக்கழிவு கிடையாது.

மாதத் தொகை யாருக்கு ஏற்றது? கொடுப்பவர் அரசு ஊழியராகவோ, வங்கி, ரயில்வே போன்ற நிறுவனங்களில் நிலையான வேலையில் இருப்பவராகவோ, ஓய்வுக்கு இன்னும் நெடுங்காலம் உள்ளவராகவோ இருந்தால். பெறுபவர் நாற்பதுகளைக் கடந்து மறுமணத்தை எண்ணாதவராக இருந்தால். மொத்தமாகத் தரும் அளவுக்கு எதிர்த்தரப்பில் சொத்தே இல்லாவிட்டால்.

## மொத்தத் தொகை

முன்னால் சொன்ன நாற்பது லட்சத்தையும் முப்பதாயிரத்தையும் இப்போது ஒரே தராசில் வைப்போம். மாதம் 30,000 என்பது ஆண்டுக்கு 3,60,000. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு, உயர்வே இல்லாமல், ஒரு தவணையும் தவறாமல் அது வருவதாகவும், வைப்பு நிதிக்கு 7 விழுக்காடு வட்டி கிடைப்பதாகவும் கொண்டால், அந்த மொத்த வரவின் இன்றைய மதிப்பு, அதாவது அதே வரவைப் பெற இன்று வைப்பில் போட வேண்டிய தொகை, ஏறத்தாழ 42 லட்சம். எனவே, உயர்வு இல்லாத முப்பதாயிரத்தோடு ஒப்பிட்டால் நாற்பது லட்சம் நல்ல தொகைதான். வசூல் அலைச்சலை எண்ணிப் பார்த்தால் அதைவிட நல்லதாகவும் ஆகலாம். ஆனால் முப்பதாயிரம் விலைவாசியோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே வருவதாகவும், விலைவாசிக்கு மேல் 2 விழுக்காடு மட்டுமே வட்டி மிஞ்சுவதாகவும் கொண்டால், அதன் இன்றைய மதிப்பு 70 லட்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஒரே முப்பதாயிரம்தான்; உயர்வு என்ற ஒரு சொல் 28 லட்சம் ரூபாய் வேறுபாட்டை உண்டாக்குகிறது. சமரசப் பேச்சில் எந்த முப்பதாயிரத்துக்கு ஈடாக நாற்பது லட்சம் பேசப்படுகிறது என்று கேட்காமல் தலையசைக்கக் கூடாது.

கைக்கு வந்த பிறகான கணக்கும் இருக்கிறது. நாற்பது லட்சத்தை 7 விழுக்காட்டில் வைத்தால் வட்டி மட்டும் மாதத்துக்கு 23,000 ரூபாய் சொச்சம். அசலைத் தொடாமல் அதில் வாழலாம், ஆனால் விலைவாசி அசலைத் தின்றுகொண்டிருக்கும். மாதம் முப்பதாயிரம் வீதம் எடுத்து, ஆண்டுதோறும் 6 விழுக்காடு கூட்டி எடுத்தால் முழுத் தொகையும் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். முப்பத்தெட்டு வயதில் பெற்றவருக்கு ஐம்பது வயதில் கை வெறுமையாகும். மொத்தத் தொகையை ஏற்பவர், அதற்குள் ஒரு வேலையிலோ தொழிலிலோ நிலைபெறும் திட்டத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. வசூல் பயம் இல்லை. கொடுப்பவர் வேலையை விட்டாலும், வெளிநாடு சென்றாலும், இறந்தாலும் பாதிப்பில்லை. விவாகரத்துக்குப் பின் முன்னாள் மனைவி இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவரின் வாரிசு அல்ல. அவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியமும் அவளுக்கு இல்லை. மாதத் தொகையை மட்டும் நம்பியிருப்பவருக்குக் கணவரின் மரணம் பெரும் சிக்கலாகும்போது, மொத்தத் தொகை பெற்றவருக்கு அது பொருட்டாவதில்லை. மறுமணம் செய்துகொண்டாலும், கொடுத்து முடிந்த தொகை பொதுவாகத் திருப்பிக் கேட்கப்படுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த உறவின் கணக்கு அன்றோடு முடிகிறது.

இழப்பது எதை? மீண்டும் கேட்கும் வாய்ப்பை. "இறுதியும் முழுமையுமான தீர்வு" என்ற வாசகத்தோடு கையெழுத்திட்ட பிறகு, கணவரின் நிலை பின்னாளில் எவ்வளவு உயர்ந்தாலும் அதில் பங்கு கேட்பது மிகக் கடினம். கணவரின் பெயரில் இருந்த மருத்துவக் காப்பீட்டிலிருந்து விவாகரத்தோடு மனைவி நீங்கிவிடுகிறார். நடுவயதில் தனியாகக் காப்பீடு எடுக்கும்போது கட்டணமும் காத்திருப்புக் காலமும் கூடுதலாக இருக்கும் என்பதையும் தொகை பேசும்போதே சேர்க்க வேண்டும், பலர் சேர்ப்பதில்லை.

கொடுப்பவர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். மாதத் தொகையைக் கூட்டக் கேட்கும் மனுக்களிலிருந்து மொத்தத் தொகை அவரை விடுவிக்கிறது. அதற்காகத் தனிநபர்க் கடன் வாங்கினால் வட்டி அவர் தலையில் விழும், பிறகு வேலை போனாலும் கொடுத்ததைக் குறைக்க வழியில்லை. அவருக்கு இது விடுதலையின் விலை. அவசரத்தில் தாங்க முடியாத விலைக்கு ஒப்புக்கொண்டு, இரண்டாம் தவணையில் தடுமாறினால் இரு தரப்பும் மீண்டும் வழக்கிலேயே நிற்க நேரும்.

சொந்தத் தொழில், வணிகம், ரியல் எஸ்டேட், ரொக்கப் புழக்கம் என்று கணக்கில் தெரியாத வருமானம் உள்ளவரிடமும், வெளிநாட்டில் வேலை பார்ப்பவரிடமும், இடைக்கால ஜீவனாம்சத்தையே ஒழுங்காகக் கட்டாதவரிடமும் மொத்தத் தொகைதான் சரி. சற்றுக் குறைவாகவே இருந்தாலும் சரி. வழக்கு நடந்த காலத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தைவிட நம்பகமான சான்று வேறில்லை. இளம் வயதில், சில ஆண்டுகளே நீடித்த, குழந்தையில்லாத திருமணத்திலிருந்து வெளியேறும் பெண்ணுக்கும் இதுவே பெரும்பாலும் ஏற்றது.

## வீடோ மனையோ

தலைக்கு மேல் கூரை என்பதன் மதிப்பை எண்ணிக்கையில் அடக்க முடியாது, குறிப்பாகக் குழந்தைகளின் பள்ளி அருகில் இருக்கும்போது. மூன்று வடிவங்களில் மிகுந்த ஆவணச் சோதனையைக் கோருவதும் இதுதான்.

முதலாவதாக, அந்த வீடு உண்மையில் யாருடையது? மாமனாரின் பெயரில் உள்ள வீட்டைக் கணவர் எழுதித் தர முடியாது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், உறவினரின் பெயரில் உள்ள வீடும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பகிர்ந்து வாழ்ந்த இல்லமாகலாம் என்றது; அது குடியிருக்கும் உரிமையே தவிர உடைமை உரிமை அன்று, இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு சமரசத்துக்கு ஒப்புக்கொள்வோர் உண்டு. பூர்வீகச் சொத்தாக இருந்தால் மற்ற பங்காளிகளின் உரிமை என்ன என்று பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். வீட்டுக்கடன் மீதமிருந்தால் வங்கியின் சம்மதமில்லாமல் எதுவும் நடக்காது. "கடனை நான் கட்டிவிடுகிறேன்" என்ற வாய்மொழிக்கு, அவர் கட்டத் தவறி வங்கி அறிவிப்பு ஒட்டும் நாளில் எந்த மதிப்பும் இருக்காது.

இரண்டாவதாக, தீர்ப்பாணையில் எழுதியிருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, பட்டாவும் சொத்து வரி ரசீதும் பெயர் மாறும்வரை தொடர வேண்டும். விவாகரத்துக்கு முன், கணவன் மனைவி என்ற உறவு சட்டப்படி நீடிக்கும்போதே எழுதப்படும் தான செட்டில்மென்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கான சலுகைக் கட்டணம் பொருந்தும். தீர்ப்புக்குப் பிறகு அந்த உறவு இல்லை என்பதால் செலவு பல மடங்காகலாம். தேதிகளின் வரிசையை வழக்கறிஞரோடு முன்கூட்டியே பேசி வைப்பது லட்சங்களை மிச்சப்படுத்தும்.

மூன்றாவதாக, வீடு சோறு போடாது. பராமரிப்பு, வரி, பழுதுபார்ப்பு எல்லாம் தொடரும். வருமானம் இல்லாதவருக்கு வீடு மட்டும் தந்து முடித்துக்கொள்ளும் சமரசம் சில ஆண்டுகளில் அந்த வீட்டையே விற்க வைத்துவிடும். சொந்த வருமானம் இருந்து, வாடகை ஒன்றுதான் பாரம் என்ற நிலையில் உள்ளவருக்கு வீடு சிறந்த தேர்வு.

| அளவுகோல் | மாதத் தொகை | மொத்தத் தொகை | வீடு / மனை |
|---|---|---|---|
| கைக்கு வரும் உறுதி | கொடுப்பவரின் வேலையைப் பொறுத்தது | பெற்றவுடன் முழு உறுதி | பதிவும் பட்டாவும் முடிந்தால் உறுதி |
| விலைவாசி | உயர்வு எழுதாவிட்டால் தேயும் | முதலீட்டைப் பொறுத்தது | பொதுவாகத் தாங்கும் |
| பின்னர் மாற்றம் | கூடலாம், குறையலாம், நிற்கலாம் | ஏறக்குறைய இல்லை | ஏறக்குறைய இல்லை |
| வரி, கட்டணம் | பெறுபவரின் வருமானம் | தொகைக்கு வரியில்லை; வட்டிக்கு உண்டு | முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் |
| தொடர்பு நீட்சி | ஆயுள் முழுதும் | முடிகிறது | கடன் இல்லையெனில் முடிகிறது |

## கலந்து கேட்பது

மூன்றில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழந்தைகளோடு நாற்பது வயதில் நிற்கும், நெடுங்காலம் வேலை பார்க்காத பெண்ணுக்கு நான் பரிந்துரைப்பது கலப்பைத்தான்: கடனை அடைத்து வாடகை முன்பணமும் பயிற்சிச் செலவும் போகக் கையில் நிற்கும் அளவுக்கு ஒரு மொத்தத் தொகை, உயர்வு விகிதம் எழுதப்பட்ட ஒரு மாதத் தொகை, அந்த மாதத் தொகைக்குப் பிணையாகக் கணவரின் ஏதேனும் ஓர் அசையாச் சொத்தின் மீது பொறுப்பு. பிரிவு 25 தரும் இந்தப் பொறுப்பு ஏற்றும் அதிகாரத்தைக் கேட்டுப் பெறுவோர் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது. நீதிமன்றம் தானாக முன்வந்து தராது. மனுவில் கேட்க வேண்டும், சொத்தின் சர்வே எண்ணோடு கேட்க வேண்டும், உத்தரவு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி வில்லங்கச் சான்றில் தெரியும்படி செய்ய வேண்டும். அப்போதுதான் அந்தச் சொத்தை வாங்க வருபவர் பொறுப்பை அறிந்தே வாங்க நேரும்.

## எந்தச் சட்டத்தின் கீழ் திருமணம்?

மேலே சொன்னவை இந்து திருமணச் சட்டத்தை மையமாகக் கொண்டவை. சிறப்புத் திருமணச் சட்டம் 1954-இன் பிரிவு 37-இலும் மொத்தம், மாதம், சொத்தின் மீது பொறுப்பு ஆகிய மூன்றும் உண்டு. ஆனால் அங்கே கேட்கும் உரிமை மனைவிக்கு மட்டுமே. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் பொருந்தும். முஸ்லிம் பெண்களுக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தா காலத்துக்குள் (விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்யாமல் காத்திருக்கும் காலத்துக்குள்) நியாயமான ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும் என்கிறது. அந்த ஏற்பாடு அவளுடைய எதிர்காலம் முழுவதற்குமானது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியதால், அதன் இயல்பே மொத்தத் தொகையின் பக்கம் சாய்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் மாதத் தொகை கேட்கும் வழியும் அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது என்று 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

## கையெழுத்துக்கு முன்

பரஸ்பர சம்மத விவாகரத்தில் பேசப்படும் தொகையில் மூன்று வேறுபட்ட பணங்களை ஒன்றாகக் கலந்துவிடும் வழக்கம் இருக்கிறது. நகையும் சீர்ப்பொருள்களுமான சீதனம் ஏற்கெனவே மனைவியின் சொந்தச் சொத்து. அதைத் திருப்பித் தருவது ஜீவனாம்சம் ஆகாது. குழந்தைகளின் பராமரிப்புத் தொகை குழந்தைகளின் உரிமை. தாய் தன் பங்கை விட்டுக்கொடுத்தாலும் அவர்களுடையதை விட்டுக்கொடுக்க முடியாது. "எல்லாம் சேர்த்து நாற்பது லட்சம்" என்று எழுதப்பட்ட வரைவு கைக்கு வந்தால், நகையின் மதிப்பும் குழந்தைகளின் கல்விச் செலவும் கழிந்தபின் ஜீவனாம்சமாக எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை மூன்று வரிகளாகப் பிரித்து எழுதும்படி கேளுங்கள். பிரித்து எழுத மறுப்பு வந்தால், அந்தத் தொகையில் உங்கள் பொருளே உங்களுக்கு விலையாகத் தரப்படுகிறது என்று சந்தேகிக்கக் காரணம் உண்டு.

தவணைகளை நீதிமன்ற நடைமுறையின் கட்டங்களோடு இணைப்பதும் அவசியம். இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 13பி-இன் கீழ் முதல் மனுவுக்கும் இரண்டாம் கட்ட வாக்குமூலத்துக்கும் இடையில் வழக்கமாக ஆறு மாதம் உண்டு; 2017 முதல் உரிய வழக்குகளில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம். தீர்ப்பு வரும்வரை இரு தரப்பினரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், முதல் மனுவின்போது ஒரு பகுதியும் இரண்டாம் கட்டத்தில் மீதியும் தருவதாக எழுதுவதே நடைமுறை. அந்த மீதி, பின்தேதியிட்ட காசோலையாக அல்லாமல், உங்கள் பெயருக்கு எடுக்கப்பட்ட டிமாண்ட் டிராஃப்டாக இருக்கட்டும். நீதிபதி முன் இறுதிச் சம்மதத்தைச் சொல்வதற்கு முன்பாகவே அது உங்கள் வழக்கறிஞரின் கையில் இருக்க வேண்டும், அதன் எண்ணும் தேதியும் வாக்குமூலத்தில் பதிவாக வேண்டும்.